சாமி கட்டிப்போட்டுச்சு

வசந்தாமணி கைப்பேசியை மேசைமேல் வைத்த வேகத்தில் டீ கிளாஸ் ஆடி நின்றது. திரையில் ஒரு கிழவரின் கைகள். மணிக்கட்டைச் சுற்றிக் கருநீலத் தடம், விரல்கள் ஊதிப்போயிருந்தன.

"ஏனுங்க மேடம், இடுப்பெலும்பு ஒடஞ்சு கெடக்கற எங்கப்பாவை இப்படிக் கட்டி வெச்சிருக்காங்க. இன்னொருக்கா கட்டுனாக் கையே போயிருமுன்னு டாக்டரு சொல்றாருங்க. யாருன்னு கண்டுபுடிச்சுக் குடுங்க!"

அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கும் அந்தத் தனியார் மருத்துவமனையில் நோயாளிகளின் பாதுகாப்பைக் கவனிப்பவர் மதீனா பீவி. முப்பது வருடம் தலைமைச் செவிலியாக இருந்தவர், எதற்கும் பதறாத மனுஷி. பதறுகிற வேலையையெல்லாம் அவருடைய உதவியாளன் நவநீதகிருஷ்ணன் பார்த்துக்கொண்டான். சென்னையிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகாத சமூகப் பணியாளன்.

இன்று அவன் பதறக் காரணம் இருந்தது. வெண்ணந்தூர் விவசாயி அப்புசாமிக்கு வயது எண்பத்திரண்டு, இரண்டு கண்ணிலும் புரை, நினைவும் பாதி போய்விட்டது. நாலு நாளைக்கு முன்னால் கையில் லேசான சிராய்ப்பைப் பார்த்து, என்ன ஆச்சு என்று அவன்தான் கேட்டான். "சாமி கட்டிப்போட்டுச்சு" என்றார் கிழவர். கடவுள் கட்டிப்போட்டதாக மனப்பிரமை என்று கோப்பில் எழுதி, அழகாகக் கையெழுத்தும் போட்டிருந்தான்.

"பிரமையாவது ஒண்ணாவது! அந்த வார்டுல எல்லாரும் சாமின்னு கூப்படறது ஆரை? அங்கமுத்துவைத்தானுங்க?" என்றாள் வசந்தாமணி.

நவநீதகிருஷ்ணன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். வார்டு உதவியாள் அங்கமுத்து ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தான். கறுப்பு வேட்டி, தாடி, நெற்றி நிறையச் சந்தனம். கார்த்திகை பிறந்ததிலிருந்து டாக்டர்கூட அவனைச் சாமி என்றுதான் கூப்பிட்டார்.

"போலீஸுக்குச் சொல்லிடலாமா மேடம்?"

"முதல்ல நோயாளியைப் பார்ப்போம், வாங்க தம்பி."

வசந்தாமணியும் பின்னாலேயே வந்தாள். ஆண்கள் வார்டில் முப்பது கட்டில், ஒரே செவிலி. கட்டிலடிப் பாயில் கிடந்த மகன் மோகன்குமார் அவர்களைக் கண்டதும் எழுந்து துண்டால் முகத்தைத் துடைத்தான். நடுவில் பழுப்புக் கறை படிந்த வெள்ளைத் துண்டு. இரண்டு முனையும் முறுக்கிப் பிழிந்தது போலச் சுருங்கியிருந்தன. "பதினோரு நாளா லாரியை நிறுத்திப்போட்டு இங்கயேதானுங்க இருக்கறேன். சோறு வாங்கிட்டு வந்தர்றனுங்க" என்று நடந்தான். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

அங்கமுத்து தண்ணீர் கொண்டு வந்தான். "அய்யா, தண்ணி குடிங்க."

"ஆரப்பா நீ? வெச்சுட்டுப் போப்பா."

செவிலி முத்தாயம்மாள் ஊசியோடு வந்தாள். "போடு அம்மணி" என்று தோளைக் காட்டினார் கிழவர்.

மதீனா பீவி குனிந்து கேட்டார். "அய்யா, உங்களை எப்போ கட்டுவாங்க?"

"சோறு உண்டதுக்கப்பறம்." பிறகு அவராகவே, "சாமி பாவம்" என்றார்.

மதீனா பீவி தலைமாட்டில் தொங்கிய குறிப்பேட்டைப் புரட்டினார். முதல் ஐந்து நாள் பிற்பகல் மூன்று மணிக் குறிப்பில் ஒரே வரி: டிரிப்பைப் பிடுங்குகிறார், கீழே இறங்கப் பார்க்கிறார். ஆறாம் நாளிலிருந்து அதே கையெழுத்தில் வேறு வரி: நோயாளி அமைதி.

நவநீதகிருஷ்ணனுக்குப் பொறுக்கவில்லை. "அங்கமுத்து, ஏன் இப்படிப் பண்ணே?"

"மாலை போட்டவன் பொய் சொல்ல மாட்டனுங்க சார்" என்று அவன் விசும்பினான்.

"அவரை விடுங்க தம்பி" என்றார் மதீனா பீவி. "மாலை போட்டவங்களை இந்த ஊர்ல எப்படிச் சொல்வாங்க? சாமி வந்தாரு, சாமி சொன்னாரு. அய்யா சொன்னது கட்டிப்போட்டுச்சு. அதுவும் போக, மாலை இவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அங்கமுத்துவை யாருன்னே கேட்கிறார்."

"அப்போ நான் எழுதினதுதானே சரி? கடவுளைச் சாமி வந்துச்சு, சாமி சொல்லுச்சுன்னு சொல்றது உண்டே?"

"கடவுளைப் பாவம்னு சொல்றது உண்டா? நான் ராசிபுரத்துல அத்தாவோட துணிக்கடையில வளர்ந்தவ. இந்தப் பக்கம் பெத்த பிள்ளையைத்தான் சாமின்னு கொஞ்சுவாங்க. மீசை நரைச்சாலும் சாமிதான்." அவர் குரல் தாழ்ந்தது. "மகன் முகம் துடைச்ச துண்டுல இருந்த கறை, காயத்துக்குத் தடவுற மருந்து. முனை ரெண்டும் முடிச்சுப் போட்டு அவிழ்த்தது."

நவநீதகிருஷ்ணன் வசந்தாமணியைப் பார்த்தான். அவள் தலை நிமிரவில்லை. வெண்ணந்தூர்க்காரிக்குத் தெரியாத வார்த்தையா அது? கூடப் பிறந்த தம்பிமேல் சந்தேகப்பட மனம் வராமல் மாலை போட்டவனைப் பிடித்துக்கொண்டாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"முத்தாயம்மா, நீங்க பார்த்தீங்கதானே?" என்றார் மதீனா பீவி.

"பாத்தனுங்க மேடம்." செவிலி ஊசித்தட்டைக் கட்டில்மேல் வைத்தாள். "அவுத்து உட்டா ஆரு பாக்கறதுங்க? முப்பது பேருக்கு நான் ஒருத்தி."

"அமைதின்னு எழுதினீங்களே, அம்மா."

சோற்றுப் பொட்டலத்தோடு வந்த மோகன்குமார் எல்லார் முகத்தையும் பார்த்தான். கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை.

"நாந்தானுங்க." பொட்டலத்தைக் கட்டிலில் வைத்தான். "கண்ணசந்தா எறங்கீர்றாரு. சிஸ்டரைக் கேட்டா நீங்களே பாத்துக்குங்கங்கறாங்க. அக்கா ஞாயித்துக்கெழமைதான் வருது. ஒரு மணி நேரந்தானுங்க... நேத்து நாலு மணி நேரம் தூங்கிப்போட்டேன். எந்திரிச்சுப் பாத்தா கை கறுத்துக் கெடக்குது. ஒரு சத்தம் போடலீங்க எங்கப்பா. ஒரு சத்தம் போட்டிருந்தா எந்திரிச்சிருப்பனுங்க!"

அவன் வாய்விட்டு அழுதான். நவநீதகிருஷ்ணனுக்குத் தன் கையெழுத்து கண்ணுக்குள்ளேயே நின்றது. அன்றைக்கே ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் இந்தக் கை கறுத்திருக்காது.

அழுகைச் சத்தம் கேட்டுக் கிழவர் முகத்தைத் திருப்பினார். புரை விழுந்த கண்கள் மகனைத் தேடின. வீங்கிய இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கி, மணிக்கட்டோடு மணிக்கட்டு சேர்த்து, குரல் வந்த பக்கம் நீட்டினார்.

"தூக்கம் வருதா சாமி? கட்டிப்போட்டுட்டுப் படு. நான் சத்தம் போட மாட்டேன்."