துடைத்த பிறகும் நின்ற புள்ளி

கண்ணாடியைத் துடைத்த பிறகும் அந்தக் கறுப்புப் புள்ளி போகவில்லை.

அவளுக்கு மலையடிவார அலுவலகத்தில் வேலை. மேலேயிருக்கும் தொலைநோக்கி அனுப்புகிற புதுப் படத்திலிருந்து பழைய படத்தைக் கழித்தால் மிஞ்சுவது வெடித்த நட்சத்திரமா, ஓடுகிற விண்கல்லா, வெறும் தூசியா என்று பிரித்துப் போட வேண்டும். தொலைநோக்கியைப் பராமரிப்பவர் அவள் கணவர். அவளுக்குச் 'சல்லடை' என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவானும் அவர்தான்.

புள்ளி முளைத்தது போன மாதம். தொலைநோக்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் படத்தின் அதே மூலையில், அங்கிருந்த நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டு நின்றது. வானத்துப் பொருள் தொலைநோக்கியோடு கூடவே திரும்புமா? கண்ணாடித் தூசிதான் திரும்பும். யோசிக்காமல் 'தூசி' என்று குறித்தாள், தினமும் குறித்தாள். அவளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கணினி, பிறகு கேட்காமலே அந்த இடத்தில் பழைய படத்தை வெட்டி ஒட்டத் தொடங்கியது. மேலிருந்து வரும் எல்லாப் படங்களுக்கும், மேலறைக் கேமராப் படங்களுக்கும்கூட, அதே வைத்தியம். வேலை மிச்சம் என்று அவளுக்கும் சந்தோஷம்.

நேற்று அவர் துடைத்தது சரியா என்று பார்க்கத்தான் ஒட்டுப்போடாத மூலப் படத்தை இன்று திறந்தாள். கடுகளவு இருந்தது கோலிக்குண்டளவு ஆகியிருந்தது. தூசி வளராது.

எல்லாரும் கிளம்பிப்போன அறையில் சூடேறிய ஒயர் வாசனையும் ஆறிப்போன காபி வாசனையும் கலந்து நிற்க, ஜன்னலுக்கு வெளியே அந்தி மங்கிக்கொண்டு வர, மின்விசிறியின் நிழல் மேசைமேல் சுற்றிச் சுற்றி வந்து அவள் கையைத் தொட்டுத் தொட்டுப் போனது. ஃபோன் செய்தாள்.

"ஏங்க, நல்லாத் தொடச்சீங்களா?"

"என் மூஞ்சியே தெரியுது. ஏன், சல்லடைல ஏதாவது மாட்டிக்கிச்சா?"

"அது தூசி இல்லீங்க. நீங்க திருப்புற பக்கமெல்லாம் கூடவே வருது. பெருசாயிட்டே வருது. கூரைய மூடிட்டு இறங்கி வந்துடுங்க."

"இரு, ஏணில ஏறி எட்டிப் பாத்துட்டு வரேன்."

வேண்டாம் என்று அவள் கத்தியது அவர் காதில் விழவில்லை. ஃபோனை அப்படியே வைத்துவிட்டுப் போயிருந்தார். இரும்பு ஏணியில் செருப்புச் சத்தம் ஏறியது. கூரை மோட்டார் முனகியது. பூச்சிகள் கத்தின. 'தூசி இல்லை' என்று அவசரமாகத் திருத்தினாள். திருத்தம் நாளைக்குத்தான் நடைமுறைக்கு வரும் என்றது கணினி. தன் விரலாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தாள்.

பூச்சிகள் நின்றன.

மோட்டார் நின்றது.

மேலறைக் கேமராவைத் திறந்தாள். ஏணி உச்சியில் அவர். முகம் கேமராவின் பக்கம். சிரிப்பு. அப்பாடா என்று மூச்சு விட்டாள். அழுகை வந்தது.

அடுத்த படம் வந்தது. அதே சிரிப்பு.

அதற்கடுத்தது. அதே.

நீலச் சட்டை.

அது நேற்றுக் கண்ணாடி துடைக்க ஏறியபோது போட்டிருந்தது. இன்று காலை வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தவளே அவள்தான்.

ஒட்டுப்போடாத மூலப் படத்தைத் திறந்தாள். ஏணியின் அடிப்படிகள் தெரிந்தன. அதற்கு மேல் கறுப்பு. வேறெதுவும் இல்லை.

அடுத்த படத்தில் இன்னொரு படி குறைந்திருந்தது.

ஃபோன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. பக்கத்துத் திரையில் நீலச் சட்டைக்காரர் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றார்.