ஆளுக்கொரு எண்

கைப்பட்டை அதிர்ந்தால் மணிக்கட்டை மார்போடு ஒட்டி எட்டிப் பார்ப்பார்கள். பார்த்ததும் சட்டைக்கையை இழுத்து மூடிக்கொள்வார்கள். ‘உங்களுக்கு எத்தனை?’ என்று அடுத்தவரைக் கேட்பது சம்பளத்தைக் கேட்பதைவிட மோசமான பழக்கம். புருஷன் பெண்டாட்டிகூடக் கேட்டுக்கொள்வதில்லை. மேற்கு மலையில் இடி இறங்கும் சித்திரை மாதத்தில் அந்தப் பட்டை அடிக்கடி அதிரும்.

கோகிலவாணி இருந்தது அந்த எண்கள் புறப்படுகிற இடத்தில், வெள்ளக் கணிப்பு நிலையத்தில். மலை உச்சி மேகங்களையும் மழைமானிகளையும் படித்து, காட்டாற்று வெள்ளம் வர நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று மழைக்கணிப்பான் சொல்லும். அது மூல எண். அந்த அறையைவிட்டு அது வெளியே போகக்கூடாது என்பது சட்டம். வெளியே போவது தன்னெண், ஆளுக்கு ஒன்று. நிழலைக் கண்டு மிரளுகிறவருக்கு இருபது போதும், மூட்டை கட்டிவிடுவார். இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருப்பவருக்குத் தொண்ணூறு போட வேண்டும். எல்லோரையும் பாலத்தில் நெரிசலில்லாமல் மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. கைப்பட்டையில் வருவது மழையின் எண்ணல்ல, மனுஷனின் எண்.

அவள் புருஷன் சென்னியப்பன் ஆட்டு வியாபாரி. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நொச்சிப் பள்ளம் என்ற காட்டாற்றின் வறண்ட மணலில்தான் கூடும். பரந்த இடம், ஆடு கட்ட வசதி. மலையில் பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வந்து நிற்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் நொச்சிப் பள்ளத்தின் மூல எண் நாற்பதுக்கு ஏறியது. நாற்பது என்றால் நிலையத்தில் யாரும் நாற்காலியில் உட்கார மாட்டார்கள். திரையில், கைப்பட்டைக்கு ஒன்றாக மணலில் இருந்த புள்ளிகள் கரையை நோக்கி நகரத் தொடங்கின. சென்னியப்பனின் புள்ளி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.  கோகிலவாணி போனை எடுத்தாள்.

“மாமா, கெளம்பலியா?”

“தொண்ணூத்தஞ்சு போட்டிருக்குது புள்ள. போன வாரமும் அதேதான், சொட்டுத் தண்ணி வல்ல. புலி வருது புலி வருதுன்னா எத்தன வாட்டி ஓடறது? ரெண்டு கெடாய்க்கு ஆள் வந்து நிக்குது.”

மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். பத்து வருஷமாகக் காத்த ரகசியச் சத்தியத்தை அவள் அந்த ஒரு நிமிஷத்தில் விட்டாள். பொய் எண்ணை நம்பாதவன், பெண்டாட்டி சொல்லும் நிஜத்தையாவது நம்புவான் என்று நினைத்தாள்.

“அத உடுங்க மாமா. நெஜ எண்ண என் கண்ணால பாத்துட்டுச் சொல்றேன். நாப்பது. இப்பவே மேட்டுக்கு ஏறுங்க.”

 அவன் சிரித்தான். பாரம் இறங்கின சிரிப்பு.

“நாப்பதுதானா? அடப் போ புள்ள, நாங்கூட பயந்துட்டேன்!”

அவள் வாயைத் திறப்பதற்குள் சந்தையைப் பார்த்து அவன் கத்துவது கேட்டது. “ஏனப்பா, நம்மூட்டுக்காரி ஆபீஸ்ல பாத்துச் சொல்றா! நெசத்துல நாப்பதுதானாமா!”

இருபதுக்காரர்கள் எப்போதோ வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள். மிச்சம் இருந்தவர்கள் எண்பதும் தொண்ணூறும் பார்த்தே வளர்ந்தவர்கள். அவர்கள் காதில் நாற்பது என்பது தூறல். கரையேறிக்கொண்டிருந்த புள்ளிகள் நின்றன. ஒவ்வொன்றாக மணலுக்குத் திரும்பின.

கணிப்பான் உடனே எல்லோருக்கும் தொண்ணூற்றொன்பது அனுப்பியது. ஒரு புள்ளி அசையவில்லை. “மூல எண்ண வெளிய யார் சொன்னது?” என்று மேற்பார்வையாளர் இன்பராணி கேட்டார்.   கோகிலவாணி மறுபடி புருஷனைக் கூப்பிட்டாள்.

“மாமா, நாப்பதுன்னா கொறச்சல் இல்ல. அஞ்சு தடவ நின்னா ரெண்டு தடவ சாவு, அந்த மாதிரி. உங்களுக்குப் போடற எண்ணு மழைக்கில்ல, உங்க புடிவாதத்துக்கு. தலையில அடிச்சுக்கிட்டுக் கேக்கறேன், ஏறுங்க.” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அவள் அழுகையை அவன் அறிவான். சும்மா அழுகிறவள் இல்லை. கிடாய்களை அவிழ்த்துக்கொண்டு மேடேறினான். அவன் புள்ளி கரையில் ஏறி நின்றதைப் பார்த்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. மற்றவர்கள் செத்தால் சாகட்டும் என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றியது உண்மை.

அந்தப் புள்ளி திரும்பி மணலுக்கு இறங்கியது.

“மாமா! எங்க போறீங்க?”

“நாந்தான புள்ள அவியகிட்டச் சொன்னேன்.” அவனுக்கு இரைத்தது. “கூப்புட்டா ஒருத்தனும் வரமாட்டேங்கறான். நாப்பதுக்கு ஏண்டா ஓடறேன்னு சிரிக்கறானுங்க.”

அவன் பேர் சொல்லிச் சொல்லி ஆட்களைக் கூப்பிடுவது கேட்டது. யாரோ கெஞ்சலாக ஆட்டுக்குப் பேரம் பேசுவதும் கேட்டது. அவன் பின்னால் ஐந்தாறு புள்ளிகள் கிளம்பின. மற்றவை நின்றன.

திரையின் மேல்மூலையில் மலையடிவார அளவுமானி சிவந்தது. தண்ணீர் அதைத் தாண்டிவிட்டது. இனிக் கணிப்பதற்கு ஒன்றுமில்லை. மூல எண் நூறு.

“மாமா, நூறு! வந்துருச்சு மாமா, நூறு!”

கூச்சலுக்கு நடுவில் அவன் ஒரு கணம் நின்றான். திரையில் புள்ளியும் நின்றது.

“நெச நூறா புள்ள,” என்று கேட்டான், “இல்ல, எனக்குன்னு போட்ட நூறா?”