கடைசிக் கட்டிலின் சூடு

மெத்தை சுட்டது.

மெத்தை சுட்டால் என்ன, வெயில் ஊர்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அது ஐப்பசி. தீபாவளி லீவுக்குப் பையன்கள் எல்லாரும் ஊருக்குப் போயிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் வெள்ளைக்காரன் கட்டிய அந்த ஹாஸ்டலின் கல்சுவர்கள் மழையில் ஈரம் கோத்து, கட்டில் கம்பியும் தலையணையும் சில்லென்று கிடக்க, ஷூ பாலிஷும் பாச்சை உருண்டையும் கலந்த பழைய வாடைக்குள் ஒவ்வொரு விரிப்பாக உருவிக்கொண்டு வந்த மேட்ரன் தங்கபாயின் கை, கடைசிக் கட்டிலில் நின்றுவிட்டது. இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி சூடு. நடுவில் சின்னதாய் ஒரு பள்ளம். பூனை கீனை படுத்திருக்கும் என்று தேற்றிக்கொண்டாள். பூனை போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்துமா?

கீழே வாட்ச்மேன் மொக்கைச்சாமியிடம் சொன்னாள். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சிரித்தார்.

“தொரைமாரு ஊருல குளிராம்ல, தாயி. பெரிய கிளாஸ் பய, அதான் ‘அண்ணன்’, வருமுன்ன சின்னப் பய படுத்து மெத்தையச் சூடாக்கி வைக்கணும். அந்தச் சட்டத்த அப்படியே கப்பல்ல ஏத்திக் கொண்டாந்துட்டாவ. இங்கதான் வேர்த்து ஊத்துதேன்னு கேக்க ஒருத்தனுக்கும் வாயில்ல.”

“இப்பவுமா?”

“எப்பவோ நிறுத்தியாச்சு. அண்ணன் வந்து சொல்லாம எந்திரிக்கப்படாதுன்னு, காய்ச்சலோட கெடந்த பய ஒருத்தன் அதுலயே போய்ச் சேந்தான். அதோட சரி.” சிரிப்பு நின்றது. “எந்தக் கட்டில்னு சொன்ன?”

தங்கபாய்க்கு மகன் வினோத்தின் கை ஞாபகம் வந்தது. வருகிற ஜூனில் இங்கேதான் சேரப் போகிறான். இப்போதே யாரோ விட்டுப்போன டையைக் கட்டிக்கொண்டு திரிகிறான். கொஞ்ச நாளாய் அவன் விரலெல்லாம் கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஜில்லிட்டிருந்தது.

“வினோத்து.”

ஹாஸ்டலுக்குப் பின்னால் இருந்த அவர்கள் வீட்டில் இல்லை. மெஸ்ஸில் இல்லை. மழை கனத்தது. கரண்ட் போனது. அவள் மாடிக்கு ஓடினாள்.

கடைசிக் கட்டிலில், போர்வைக்குள், நேராகப் படுத்திருந்தான். டையோடு. உதடு நீலம்.

“எந்திரிலே. வீட்டுக்குப் போவோம்.”

“அண்ணன் இன்னும் சொல்லலம்மா.”

“எந்த அண்ணன்?”

“மெத்த ஆறிட்டா அடிப்பாவ.”

இழுத்தாள். கல்லாய்க் கனத்தான். மெத்தை அடுப்பாய்க் கொதித்தது. பிள்ளையின் கன்னம் ஐஸ்.

கர்த்தாவே. சூடுதானே வேண்டும். யாருடைய சூடாக இருந்தால் என்ன?

பக்கத்தில் படுத்தாள். பாதம் மரத்தது. முழங்கால். இடுப்பு. மகன் லேசானான். கட்டிலை விட்டுத் தள்ளினாள்.

“மொக்கைச்சாமி தாத்தாட்ட ஓடு. திரும்பிப் பாக்காத.”

சின்னக் கால்கள் ஓடின. வாசலில் நின்றன.

படியில் பூட்ஸ் சத்தம். ஒவ்வொரு படியாய். அவசரமில்லாமல்.

எழ முடியவில்லை. தலையை மட்டும் திருப்ப முடிந்தது.

வினோத் போகவில்லை. டையைச் சரிசெய்துகொண்டான். விறைப்பாக நின்று, இரண்டு கையாலும் கதவை அகலத் திறந்து பிடித்தான்.

“மெத்த சூடா இருக்குண்ணே” என்றான், இருட்டைப் பார்த்து.