தேதி இல்லாத சுவரொட்டி

நிலக்கடலைக் குழம்பை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு செர்வா முன்னறைக்குத் திரும்பியபோது, அவள் தொடங்காத ஒரு சுவரொட்டி கணினித் திரையில் திறந்து கிடந்தது.

ஓரங்களில் சிவப்பும் கறுப்பும். நடுவில் படத்துக்கான வெற்றுக் கட்டம். அதன் கீழே பெயர், வயது, தேதி என்று மூன்று கோடுகள். மூன்றும் காலி. வயதாகி நிறைவாகப் போனவர்களுக்கு வெள்ளையும் கறுப்பும் போடுவார்கள். சிவப்பு, அகாலமாகப் போனவர்களுக்கு. இந்த வாரம் அவளிடம் வந்த மூன்று வேலைகளில் சிவப்பு ஒன்றுகூட இல்லை.

கை தவறி எதையாவது தட்டியிருப்போம் என்று மூடிவிட்டாள். சன்னல் கம்பிகளுக்கிடையே, பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்று பொடிப்புழுதியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. நாற்காலி, அச்சு இயந்திரம், கழுவிக் கவிழ்த்த தம்ளர் என்று எல்லாவற்றின் மீதும் மெல்லிய செம்மண் படலம். மையின் வாசனையும் கடலைக் குழம்பின் வாசனையும் கலந்து நின்ற அந்த அறையில், கணினிக்குள் விசிறி மட்டும் மேடு ஏறி ஓடியவனைப் போல மூச்சிரைத்தது. இத்தனைக்கும் அது எந்த வேலையும் செய்துகொண்டிருக்கவில்லை.

குமாசி நகரத்தில் பன்டாமாப் பக்கம் யார் இறந்தாலும் செர்வாவின் முன்னறைக்குத்தான் வருவார்கள். படத்தை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுவருவார்கள். அவள் அந்த முகத்தைத் துலக்கி, மங்கிய கன்னத்துக்கு நிறம் ஏற்றி, பெயரும் வயதும் இறந்த தேதியும் சேர்த்துச் சுவரொட்டியாக்கித் தருவாள். ஊர்ச் சுவர்களிலும் மரங்களிலும் வாசற்கதவுகளிலும் அவை ஒட்டப்படும். பெயர் தப்பானால் திருத்திக்கொள்ளலாம், படம் சரியில்லையென்றால் வேறு படம் வாங்கிக்கொள்ளலாம். தேதி இல்லாமல் மட்டும் அவள் இதுவரை ஒன்றைக்கூட அச்சுக்கு அனுப்பியதில்லை.

பிறர் கொண்டுவரும் பென் டிரைவை அப்படியே சொருகக் கூடாது என்று அவள் கணவன் ஒபோக்கு படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். வைரஸ் பிடிக்கும் மென்பொருளை அவனே காசு கொடுத்து வாங்கிப் போட்டிருந்தான். ஆனால் போன ஆண்டு ஒரு கூத்து நடந்தது. இறந்த கிழவியின் மூன்று மகள்கள் எதிரே வரிசையாக உட்கார்ந்திருக்க, அந்த அம்மாளின் சிரித்த முகத்தின் மேல் ‘ஆபத்து, அழிக்கவும்’ என்று கொட்டை எழுத்தில் சிவப்பாக வந்து நின்றது. மூத்தவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். “எங்க அம்மா ஆபத்தா? எங்க அம்மாவையா அழிக்கச் சொல்ற? நீ அழிஞ்சு போ!” தெருவே கூடிவிட்டது. அன்றிலிருந்து துக்க வீட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தால், தண்ணீர் கொண்டுவரப் போகும் சாக்கில் செர்வா அந்த மென்பொருளை அணைத்துவிடுவாள். அவர்கள் போனதும் மறுபடி போட்டுக்கொள்வாள்.

சனிக்கிழமை வந்த கிழவருக்கும் அப்படித்தான் செய்தாள். துக்கத்துக்கான சிவப்புத் துணி போர்த்தியிருந்தார். “உக்காருங்க நானா, முதல்ல தண்ணி குடிங்க,” என்றாள்; ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் அவளுக்கு ‘நானா’தான். அவர் குடிக்கவில்லை. அவர் தந்த பென் டிரைவில் படமே இல்லை, பெயரில்லாத ஒரே ஒரு கோப்புதான் இருந்தது. திறந்து பார்த்தாள். வெறுமை.

“படத்தைக் காணோமே நானா. யாரு தவறிப் போனது?”

“படம் வந்துடும்,” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இன்று செவ்வாய்க்கிழமை. மதியம் மூன்று மணிக்குச் சிவப்புச் சுவரொட்டி மறுபடி திறந்தது. இப்போது பெயர் இருந்தது.

டுஃபி. வயது ஆறு.

படமும் இருந்தது. அவளுடைய மகள், பள்ளிக்கூடத்துப் பழுப்புச் சட்டையில், திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. அந்தப் பல் இன்று காலையில்தான் விழுந்தது. யாரும் படமெடுக்கவில்லை. பள்ளிக்கூடம் கிளம்புமுன் டுஃபி கணினிக் கண்ணாடியில் முகம் பார்த்து, நாக்கை அந்தச் சந்தில் விட்டு விளையாடியதுதான் செர்வாவுக்கு நினைவு வந்தது. அணைந்து கிடந்த திரை. அதன் உச்சியில் மிளகளவு கேமரா.

தேதிக் கோட்டில், எழுத்துக்குக் காத்திருக்கும் சிறு குச்சி விட்டுவிட்டுத் துடித்தது.

முதலுதவிப் பெட்டியிலிருந்த பிளாஸ்திரியைக் கிழித்து கேமராவின் மேல் ஒட்டினாள். பிறகு போனை எடுத்தாள். வடக்கே தமாலேக்கு சிமெண்டு ஏற்றிக்கொண்டு போயிருந்த ஒபோக்கு, லாரிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசினான்.

“டுஃபி அப்பா, கம்ப்யூட்டருக்குள்ள ஏதோ பூந்திருக்கு.”

“எலியா, பல்லியா?”

“வெளையாடாத. நம்ம புள்ளைக்குச் சுவரொட்டி போட்டு வச்சிருக்கு. தேதி மட்டும் பாக்கி. என்னைப் போடச் சொல்லுது.”

லாரி ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. “பாக்காம பென் டிரைவ் சொருகினியா?”

அவள் பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் அமுக்கினாள்.

“சொருகியிருக்க.”

“துக்கத்தோட வந்த பெரியவரு. அவர் மூஞ்சிக்கு நேரா எப்படிச் சோதனை போடுறது?”

“சரி விடு. அழாத.”

“யார் அழுதா? இங்க ஒருத்தரும் அழல.”

“அதான் எம் பொண்டாட்டி! நெட்டுக் கம்பியைப் புடுங்கிப் போடு. இந்தத் திருட்டுப் பயலுகளுக்கு நம்ம கையால ஒண்ணு நடக்கணும். நாமளா கதவைத் தொறக்காத வரைக்கும் அவனுகளால ஒண்ணும் கிழிக்க முடியாது. குடுக்காத. நான் சனிக்கிழமை வந்து பாக்குறேன்.”

கம்பியைப் பிடுங்கினாள். வைரஸ் பிடிக்கும் மென்பொருளை ஓடவிட்டாள். அது கோப்புக் கோப்பாகத் தடவிப் பார்த்துவிட்டு, எல்லாம் சுத்தம் என்று பச்சையாகச் சொன்னது. அந்தப் பச்சை எழுத்துக்குப் பின்னால் டுஃபி சிரித்துக்கொண்டிருந்தாள்.

மற்றக் கோப்புகள் எதுவும் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குத் தரவேண்டிய மூன்று சுவரொட்டிகளும் பூட்டிக் கிடந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவற்றில் ஒன்று தானாகத் திறந்தது. ஒரு கணம் காட்டியது. மூடிக்கொண்டது. தேதிக் கோட்டில் குச்சி துடித்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பேரம். தேதியைப் போட்டால் மற்றவை திறக்கும்.

“யார்கிட்ட வந்திருக்கேன்னு தெரியுமா உனக்கு?” என்று செர்வா திரையைப் பார்த்துச் சொன்னாள். “இந்த ஊர்ல பாதிப் பேரைச் சுவத்துல ஏத்தினவ நான். எனக்கே சுவரொட்டி காட்டுறியா? மூணு வீட்டுலயும் கால்ல விழுந்துக்கறேன். உனக்கு ஒரு எண் தர மாட்டேன். போ.”

விசிறி நின்றது.

அறை அமைதியானது. வெளியே கோழி ஒன்று புழுதியைக் கிளறும் சத்தம்கூடக் கேட்டது.

நான்கரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த டுஃபியைச் சமையலறையில் உட்காரவைத்துச் சோற்று உருண்டையும் குழம்பும் கொடுத்தாள். தண்ணீர் மொள்ளக் கொல்லைக்குப் போனாள். ஒரு குடம்தான். திரும்பி வந்தபோது தட்டு மட்டும் இருந்தது.

முன்னறையிலிருந்து சிரிப்புச் சத்தம்.

“அம்மா, இங்க பாரேன்! நம்பரை அமுக்கினா பலூன் வெடிக்குமாம்!”

திரை முழுக்க வண்ண வண்ணப் பலூன்கள். அவற்றுக்கு அடியில், பலூன்கள் விலகும் இடத்திலெல்லாம், சிவப்பும் கறுப்பும். குடம் செர்வாவின் கையிலிருந்து விழுந்தது. பிள்ளையின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தபோது ஒரு விரல் ஏற்கனவே இறங்கியிருந்தது.

தேதிக் கோட்டில் ‘1’.

அழிக்கும் விசையை அமுக்கினாள். போகவில்லை. மறுபடி. போகவில்லை. பெருவிரலை வைத்து நகம் வெளுக்க அழுத்திக்கொண்டே நின்றாள். விசைக்கு அடியில் எதுவோ அதை மேலே தள்ளியது. எலும்புபோல ஒன்று. அவள் விடவில்லை. கடைசியில் அந்த ‘1’ மங்கி, மனமில்லாமல் மறைந்தது.

“அம்மா, கை வலிக்குது.”

“வலிக்கட்டும். இந்த அறைக்கு வராத.”

சமையலறைக் கத்தியை எடுத்துவந்தாள். விசைப்பலகையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, மீனுக்குச் செதில் எடுப்பது போல எண் விசைகளை ஒவ்வொன்றாக நெம்பினாள். மேல்வரிசையில் பத்து. ஓரத்தில் பத்து. பால் டப்பாவில் போட்டு மூடியை அடித்து இறுக்கினாள். அச்சு இயந்திரத்தின் தாள் தட்டையும் உருவிக் கொல்லைப்பக்கம் எறிந்தாள். சுவரிலிருந்த மின்சொருகிகளை எல்லாம் பிடுங்கினாள்.

“இப்ப கேளு தேதி,” என்றாள், மூச்சு வாங்க.

திரை இருண்டது. அவள் முகம் அதில் நிழலாய்த் தெரிந்தது. சிரிக்கக்கூடச் செய்தாள். தாழ்வாரத்தில் டுஃபி பள்ளிக்கூடப் பாட்டைப் பாடிக்கொண்டு குச்சியால் தூணைத் தட்டினாள். புழுதிக்குள் சூரியன் செந்நிறத் தட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. தெருவில் விளக்குகள் எரிய வேண்டிய நேரம். எரியவில்லை. மின்சாரம் போயிருந்தது.

போன் அடித்தது.

“செர்வா! எங்க இருக்கேன் சொல்லு? டெச்சிமான் தாண்டிட்டேன்.”

“தமாலேக்குப் போகல?”

“கின்டாம்போவுல வண்டியத் திருப்பிட்டேன். மொதலாளி கத்துறாரு, கத்தட்டும். நீ அழலன்னு சொன்ன பாரு, அங்கயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அதுக்கு மேல நீ அனுப்பின செய்தி. அதப் படிச்சப்புறம் எவன் போவான்?”

“நான் எதுவும் அனுப்பல.”

“அனுப்பினியே. ‘டுஃபி கேக்குறா, எந்தத் தேதி வருவேன்னு சொல்லு’ன்னு. உன் நம்பர்லருந்துதான் வந்துச்சு.” அவன் குரலில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. “தேதியப் போட்டுட்டேன். இன்னைக்குன்னு.”

அவள் திரும்பினாள்.

மின்சாரமில்லாத அறையில் திரை வெளிச்சமாயிருந்தது. பெயர். வயது. தேதி. மூன்று கோடுகளும் நிறைந்திருந்தன.

“செர்வா? என்னடி, பேச்சக் காணோம்?”

“வேகமா வா,” என்றாள். “எங்கயும் நிக்காத.” போனைக் கீழே வைத்தாள்.

அச்சு இயந்திரம் உறுமியது. மின்சொருகி தரையில் கிடந்தது. தாள் தட்டு கொல்லையில் கிடந்தது. உருளைகள் சுழன்றன.

ஒரு தாள் வந்தது. ஈரமாக, சூடாக. தாளில் டுஃபி கண்களை அகல விழித்துச் சிரித்தாள். செர்வா அதை உருவி இரண்டாகக் கிழித்தாள்.

அடுத்தது. கிழித்தாள்.

அடுத்தது. இதில் பிள்ளையின் இமைகள் கொஞ்சம் இறங்கியிருந்தன. கிழித்தாள்.

அடுத்தது. இன்னும் கொஞ்சம்.

தாழ்வாரத்தில் குச்சிச் சத்தம் நின்றது.

“அம்மா, எனக்குத் தூக்கம் வருது.”

“வராது! ஆறு மணிக்கு என்ன தூக்கம்? பாடு. சத்தமாப் பாடு.”

“கண்ணு எரியுது.”

“பாடுடி என் தங்கமே. இங்க வா. என் முதுகைக் கட்டிக்கிட்டுப் பாடு. அம்மா கூடவே பாடுறேன்.”

சின்னக் கைகள் கழுத்தைச் சுற்றின. குளிர்ந்த கைகள். இருவரும் பாடினார்கள். தாள்கள் வேகமாக வந்தன. அவளும் வேகமாகக் கிழித்தாள். முழங்கை வரை சிவப்பு மை. பாதி இமை. முக்கால் இமை. அவள் பாட்டை நிறுத்தவில்லை. ஒரு தாளைக்கூட முழுதாக விடவில்லை.

காதோரத்தில் பிள்ளையின் பாட்டு மெதுவானது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சு நீண்டது.

செர்வா கிழிப்பதை நிறுத்தினாள். வலது கையை இயந்திரத்தின் வாய்க்குள் மணிக்கட்டுவரை திணித்தாள். உருளைகள் விரல்களைக் கவ்வின. பல்லைக் கடித்துக்கொண்டு பாடினாள். கணீரென்று, தெருவுக்கே கேட்கும்படி. உள்ளிருந்து அடுத்த தாளின் விளிம்பு அவள் உள்ளங்கையில் வந்து முட்டியது. அழுத்தியது. அவள் திருப்பி அழுத்தினாள்.

விரல் இடுக்கில், ஈர மையில், ஒன்றோடொன்று தொட இன்னும் மயிரிழையே இருந்த இரண்டு இமைகள் தெரிந்தன.