ரிமோட்டை யார் தொட்டது?

எங்கள் வீட்டு ஹாலில் நான்கு ரிமோட்டுகள் இருந்தன. டி.வி.க்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, டிஸ்க் பிளேயருக்கு ஒன்று, ஸ்பீக்கர்களை அலற வைக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு ஒன்று. நான்கும் கறுப்பு. நான்கிலும் எறும்பு மொய்த்த மாதிரி எழுத்துகள். எல்லாம் அப்பா ஹோம் தியேட்டர் வாங்கியதால் வந்த வினை.

அதற்கு முன்னால் ஒரு பழைய டி.வி. இருந்தது. அதன் ரிமோட் சித்தியின் விரல்களுக்கு மனப்பாடம். சித்தி, அம்மாவின் தங்கை. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தவர். கண்பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் தெரிந்தது. வேலை போயிற்று. எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

காலையும் மாலையும் செய்தி கேட்காவிட்டால் சித்திக்குச் சாப்பாடு இறங்காது. செய்தி வாசிப்பவர் ஒரு சொல்லைத் தப்பாகச் சொல்லிவிட்டால், "ஐயோ, தமிழைக் கொலை பண்றானே!" என்று தலையில் கை வைத்துக்கொள்வார். எனக்குச் சிரிப்புத் தாங்காது.

ஹோம் தியேட்டர் வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

"அத்தான், கொஞ்சம் செய்தி போட்டு விடறீங்களா?" என்று சித்தி கேட்பார்.

"இப்பதான் ஆபீஸ்லேருந்து வந்து உக்காந்தேன். அப்புறம் பார்க்கலாம்" என்பார் அப்பா.

அந்த அப்புறம் வரவே வராது. நான் போட்டுவிடலாம் என்றால், "நீ கை வெச்சே, தொலைச்சுடுவேன்!" என்று மிரட்டி வைத்திருந்தார். அம்மாவுக்கோ அந்த நான்கையும் பார்த்தாலே பயம்.

செய்தி கேட்பதற்குக்கூட ஒருவர் கெஞ்ச வேண்டுமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்தி யாரையும் கேட்காமல் தானே செய்தி போட்டுக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஒரு நாள் மாலை அப்பா சொன்னார்: "நாலையும் சேர்த்து ஓட்டற மாதிரி ஒரே ரிமோட் இருக்காம். எந்தப் பட்டன் எதைச் செய்யணும்னு நாமே சொல்லிக் கொடுக்கலாமாம். போய் வாங்கிட்டு வரேன்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"உன்னை யாருடி கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல. நானா வர்றேன்."

கடைக்கார அண்ணன் இரண்டு ரிமோட்டுகளை மேசைமேல் வைத்தார். ஒன்று முழுக்கக் கண்ணாடித் திரை. தொட்டால் கலர் கலராகப் படங்கள் வந்தன. இன்னொன்று தடிமனாக, ரப்பர் பட்டன்களோடு இருந்தது.

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டையும் தடவிப் பார்த்தேன்.

"என்ன பாப்பா, தூக்கம் வருதா?"

"இல்ல அண்ணா. எங்க சித்திக்குக் கண்ணு தெரியாது. இதுல ஒண்ணு உருண்டையா இருக்கு, ஒண்ணு நீளமா இருக்கு. தடவியே கண்டுபிடிச்சுடலாம். அந்தக் கண்ணாடில எல்லாமே வழவழன்னு இருக்கு."

"அட, விவரமான பொண்ணா இருக்கியே! சார், இந்தப் பட்டன் ரிமோட்டும் நாலையும் ஓட்டும். விலையும் கம்மிதான்."

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "நம்ம வீட்டுக் கதையை எல்லாம் கடைல எதுக்குச் சொல்றே? வாயை மூடு" என்று பல்லைக் கடித்தார். பிறகு கண்ணாடி ரிமோட்டைக் காட்டி, "இதையே போடுங்க. நாலு பேர் பார்த்தா ஒரு கெத்தா இருக்கணும்" என்றார்.

அண்ணன் பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "சார், ஒரு தடவை தொட்டா இது ஒவ்வொண்ணுக்கா சிக்னல் அனுப்பும். இந்தப் பச்சை விளக்கு அணையற வரைக்கும் டி.வி. பக்கமே நீட்டிப் பிடிச்சிருக்கணும். பாதில கீழ வெச்சுடாதீங்க."

அப்பா போனைப் பார்த்துக்கொண்டே, "சரி, சரி" என்றார். காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் மேனேஜர் படம் பார்க்க வந்தார். நல்ல நாற்காலிகள் எல்லாம் ஹாலுக்குப் போயின. சித்தி சுவர் ஓரமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு தொடுதல்தான் சார். இப்ப பாருங்க!" என்று அப்பா ரிமோட்டைத் தொட்டார்.

படம் வந்தது. சத்தம் வரவில்லை.

மறுபடி தொட்டார். ஆம்ப்ளிஃபையரில் விளக்கு எரிந்தது, டி.வி. அணைந்துபோனது. இன்னொரு முறை தொட்டார். டி.வி. எரிந்தது, ஆம்ப்ளிஃபையர் அணைந்தது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"யாரு இதைத் தொட்டது?" என்று திரும்பினார். நேராகச் சித்தியைப் பார்த்தார். "நீ எடுத்து நோண்டினியா?"

"நான் தொடல அத்தான். எனக்கு அதுல எங்க தொடணும்னே தெரியாதே."

"கண்ணு தெரியாதவங்க இருக்கற வீட்ல நல்ல பொருளா ஒண்ணு வாங்கி வைக்க முடியுதா?" என்று அப்பா மேனேஜரிடம் சொன்னார்.

"ஏங்க!" என்றார் அம்மா.

சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். அப்பாவை அன்றைக்கு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சமையலறையில் சித்தி அம்மாவிடம், "அந்தப் பெண்கள் விடுதில இடம் இருக்கான்னு கேளுக்கா. நான் போயிடறேன்" என்று சொல்வது கேட்டது.

மறுநாள் அப்பா தனியாக உட்கார்ந்து ரிமோட்டோடு மல்லுக்கட்டினார். நான் கதவு ஓரத்தில் நின்று பார்த்தேன். அப்பா தொட்டார். தொட்ட கையோடு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு டம்ளரை எடுத்தார். பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

'அட!' என்று எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அப்பா குளிக்கப் போனதும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நானே தொட்டேன். பச்சை விளக்கு அணையும்வரை நீட்டியே பிடித்திருந்தேன். டி.வி., பாக்ஸ், டிஸ்க் பிளேயர், ஆம்ப்ளிஃபையர் என்று ஒவ்வொன்றாக எல்லாமே உயிர் பெற்றன.

அப்பா துண்டோடு ஓடி வந்தார். "தொட்டியா?"

"தொட்டேன். திட்டறதுன்னா அப்புறம் திட்டுங்க. அது ஒவ்வொண்ணுகிட்டயா போய் 'எந்திரி, எந்திரி'ன்னு சொல்லுதுப்பா. நீங்க பாதிலயே கவுத்து வெச்சுடறீங்க. கடைசில இருக்கற ஆம்ப்ளிஃபையர் தூங்கிட்டே இருக்கு. அப்புறம் மறுபடி தொட்டு முழுசாப் பிடிச்சாலும், முழிச்சுக்கிட்டது தூங்கிடுது, தூங்கினது முழிச்சுக்குது."

அப்பா வாங்கி, நீட்டிப் பிடித்துப் பார்த்தார். எல்லாம் சரியாக வந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"அப்ப சித்தி தொடல இல்லப்பா?"

"சரி, சரி. இப்ப அதுக்கு என்ன?"

"அதை அவங்ககிட்ட சொல்லுங்க."

"சின்ன விஷயத்தைப் பெருசாக்காதே" என்று சொல்லிவிட்டு, மேனேஜரை மறுபடி கூப்பிடப் போனை எடுத்தார்.

நான் சித்தியிடம் ஓடினேன். கட்டிலில் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை மூச்சு விடாமல் சொன்னேன்.

"நான் தொடலைன்னு எனக்கு முன்னாடியே தெரியும்டி. உங்கப்பாவுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சித்தி."

"அப்ப ஏன் நீ வந்து சொல்றே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு மேனேஜர் மறுபடி வந்தார். சித்தி அறையை விட்டு வரவில்லை. அப்பா இந்த முறை ரிமோட்டை நீட்டியே பிடித்திருந்தார். படமும் சத்தமும் சேர்ந்து வந்தன.

"பிரமாதம்! போன வாரம் என்னதான் ஆச்சு?" என்றார் மேனேஜர்.

"ஏதோ சின்னக் கோளாறு சார்."

நான் எழுந்து நின்றேன். உள்ளே அறைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்: "கோளாறு இல்ல அங்கிள். பச்சை விளக்கு அணையறதுக்கு முன்னாடியே அப்பா கீழ வெச்சுட்டாரு. சித்தி அதைத் தொடவே இல்ல. அவங்களைச் சொன்னது தப்பு."

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. அம்மா தட்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மேனேஜர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினார்.

"கண்ணாடி ரிமோட்டே அப்படித்தான்யா. நானும் ஒண்ணு வாங்கி இருட்டுல தடவித் தடவி அவஸ்தைப்பட்டேன். பட்டன் வெச்சதுதான் நல்லது. விரலே கண்டுபிடிச்சுடும்."

"அப்படியா சார்? நாளைக்கே மாத்திடறேன்" என்றார் அப்பா.

கடையில் நான் சொன்னதும் அதேதான். நான் சொன்னபோது வாயை மூடச் சொன்னார். மேனேஜர் சொன்னதும் மறுநாளே பட்டன் ரிமோட் வந்துவிட்டது. என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் அதை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் சித்தியிடமும் எதுவும் சொல்லவில்லை.

கூடவே வந்த புத்தகத்தைப் படித்து, உருண்டைப் பட்டனில் செய்தியையும், நீளப் பட்டனின் மேல்முனையில் சத்தம் கூட்டுவதையும் கீழ்முனையில் குறைப்பதையும் போட்டு வைத்தேன். சித்தி அதைக் கையில் வாங்கவே இரண்டு நாள் ஆயிற்று.

"எனக்காக வாங்கினதா இது?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இல்ல சித்தி. மேனேஜர் சொன்னாருன்னு வாங்கினது. ஆனா இந்தப் பட்டன்ல செய்தியை உங்களுக்காக நான்தான் போட்டேன்."

சித்தியின் விரலைப் பிடித்து ஒவ்வொரு பட்டனும் எதற்கு என்று சொல்லிக் கொடுத்தேன். விடுதியில் இப்போதைக்கு இடம் இல்லை என்று பதில் வந்திருந்தது. இடம் வந்தால் போவேன் என்றுதான் சித்தி இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அன்று மாலை, மேனேஜர் உட்கார்ந்த அந்தப் பெரிய நாற்காலியில் போய் உட்கார்ந்தார். உருண்டைப் பட்டனைத் தேடி அழுத்தினார். இதிலும் இருந்த பச்சை விளக்கைப் பார்த்து, "அணைஞ்சுது சித்தி" என்று நான் சொல்லும்வரை கையை நீட்டியே வைத்திருந்தார். செய்தி கணீரென்று ஹால் முழுக்கக் கேட்டது.

அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தினார். "கொஞ்சம் சத்தத்தைக் குறைக்கலாமே" என்றார்.

சித்தி கட்டைவிரலால் நீளப் பட்டனைத் தடவிக் கண்டுபிடித்து, நிதானமாக இரண்டு முறை அழுத்தினார்.

சத்தம் கூடியது.

தப்பாக அழுத்திவிட்டாரோ என்று நான் சித்தியின் முகத்தைப் பார்த்தேன். இல்லை, தெரிந்துதான் அழுத்தியிருந்தார்.