நீலத்தில் ஒரு கோடு, சிவப்பில் ஒரு கோடு

வந்தவள் உட்காரவேயில்லை. "என் வீட்டுக்காரர் எங்க இருக்கார்னு தெரியும் சார். தப்பு அவர் மேல இல்லைன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க, வந்துடுவார்" என்றாள்.

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். உதவியாளனுக்கோ இருப்புக் கொள்ளவில்லை.

கடலுக்குள் ஒலி அனுப்பி, எதிரொலிப் படத்தில் எண்ணெய் தங்கும் சுண்ணாம்புப் பாறை மேட்டைத் தேடுவது அவள் கணவரின் வேலை. அவர் வரைபடத்தை நம்பித் தோண்டிய கிணற்றில் வெறும் களிமண். மனிதர் குறுகிப்போய், துறைமுகத்தில் அறையெடுத்துத் தங்கிவிட்டார். போனை எடுப்பதில்லை. அவர் போடாத சட்டைகளை அவள் வாராவாரம் துவைத்துக் காயப்போட்டாள். கொடி வெறிச்சென்று கிடந்தால் அவளுக்குத் தாங்காது.

மூவரும் கணவரின் அலுவலகத்துக்குப் போனபோது, மேலாளர் படத்தைத் திரையில் போட்டார். மெத்தென்ற பொருளிலிருந்து கெட்டியானதற்கு ஒலி போனால் நீலம், எதிர்மாறாகப் போனால் சிவப்பு, அதுதான் இங்கே வழக்கம் என்றார். மேலே கடல்தரைக் கோடு, கீழே பாறைக் கோடு. இரண்டும் அவள் கணவர் போட்டதுதான், வேறு யாரும் தொடவில்லை என்று அடித்துச் சொன்னார்.

அவருக்கு நிறம் தெரியாதோ என்று உதவியாளன் முந்திக்கொண்டான். துப்பறிவாளர் அவளிடம் திரும்பி, கணவர் எதை முதலில் வரைவார் என்று கேட்டார்.

"கடல்தரையை. அது சரியா நின்னாத்தான் கீழ இறங்குவேன்னு சொல்வார்."

"தண்ணிக்குக் கீழ தரை, களிமண்ணுக்குக் கீழ பாறை. ரெண்டும் கெட்டி. ரெண்டு கோடும் நீலத்துலதான் நிக்கணும்" என்றார் துப்பறிவாளர் நிதானமாக. "இங்க பாறைக் கோடு நீலத்துல, தரைக் கோடு சிவப்புல. ஒரே ஆள் இப்படிப் போடமாட்டார். அவர் முடிச்சப்புறம் நிறம் தலைகீழான படம் வந்திருக்கு. யாரோ பாறைக் கோட்டை மட்டும் நீலத்துக்கு இழுத்துட்டு, தரையை மறந்துட்டாங்க."

மேலாளரின் முகம் செத்துவிட்டது. கடைசி நேரத்தில் புதுப் படம் வந்ததாம், கோட்டை அவரே 'சரிசெய்தாராம்'. கோடு வேறொரு அடுக்குக்குத் தாவி, வரைபடத்தில் மேடே பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. கணவர் பழியைத் தானாக ஏற்று, படத்தைத் திறந்தும் பார்க்காமல் போனபோது இவர் வாயை மூடிக்கொண்டார். கணவர் கண்ட மேடு இன்னும் யாரும் தொடாமல் கிடக்கிறது.

அவள் திரையைப் போனில் படம் பிடித்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் அவருக்கு அனுப்பினாள்.

படியிறங்கும்போது போன் அடித்தது. எத்தனை நாள் கேட்க ஏங்கிய குரல்!

"என்னம்மா இது, தரைக் கோடு சிவப்புல இருக்கு?"

"ஆமா" என்றாள் அவள், அழுதுகொண்டே. "உங்க சட்டையெல்லாம் காஞ்சிடுச்சு. வாங்க."