பத்துக் காசு டாலர்

"நாலு மணிக்குள்ள நான் லஞ்சம் வாங்கலைன்னு நிரூபிக்கணும் அண்ணி. இல்லேன்னா வேலையும் போச்சு, பேரும் போச்சு."

வந்தவளை ஆய்வு நிறுவனத்தில் எல்லோரும் 'புள்ளி' என்றே கூப்பிடுவார்கள். தன் நாடும் பகை கொண்ட பக்கத்து நாடும் இராணுவத்துக்குச் செலவிடுவதை ஆண்டுதோறும் டாலருக்கு மாற்றி ஒப்பிடும் புள்ளிவிவரக்காரி. சைக்கிள் கடையில் எதிரே இருந்த அண்ணி, வங்கியில் வெளிநாட்டுப் பணம் மாற்றும் பிரிவில் முப்பது வருடம் இருந்தவள். கடை வைத்திருந்த கொழுந்தன் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தெருவுக்கே அண்ணியாகிவிட்டாள்.

"யாரு மேல சந்தேகம்? சொல்லும்மா, அமுக்கிடலாம்" என்று துள்ளினான் கொழுந்தன்.

"முதல்ல கையில இருக்கிற பம்பைக் கீழ வை தம்பி" என்றாள் அண்ணி. "நீ சொல்லும்மா. அவசரமே இல்லை."

காலையிலிருந்து யாரும் அவளிடம் இப்படிச் சொல்லவில்லை. புள்ளிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பக்கத்து நாட்டுச் செலவு, அவங்க நாணயமான காசுல எட்டாயிரம் கோடி. டாலருக்கு இருபது காசுன்னு போட்டு நானூறு கோடி டாலர்னு எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்தா எண்ணூறு! அடிக்குறிப்புல இருபது பத்தாயிருக்கு. கணினியில அந்த எண்ணை மாத்தினா மேல இருக்கிற அட்டவணை தானா மாறிடும். எதிரி செலவை இரட்டிப்பாக்கிட்டான்னு சட்டசபையே கொதிக்குது. ஆயுத வியாபாரிகிட்ட நான் பணம் வாங்கிட்டேன்னு பேச்சு."

"உன்னைத் தவிர அதை யார் தொட முடியும்?"

"இயக்குநர், துணை இயக்குநர், அச்சுக்கு முன்னாடி பிழை பார்க்கிறவர். அட்டவணையைத் தொடவே இல்லைன்னு மூணு பேரும் அடிச்சுச் சொல்றாங்க. இராணுவத்துக்கு இன்னும் கொட்டிக் கொடுக்கணும்னு துணை இயக்குநர்தான் எப்பவும் கத்துவார்."

"அவன்தான்!" என்றான் கொழுந்தன், கடைக்குப் பூட்டுப் போட்டபடியே.

மூன்று மணிக்கு இயக்குநர் அறையில் கூடினார்கள். மேசைமேல் பணிநீக்கக் கடிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது. துணை இயக்குநரும் பிழை பார்ப்பவரும் ஒரே நீலக்கட்டம் போட்ட சட்டையில் இருந்தார்கள்.

"என்ன சார், ரெண்டு பேரும் சொல்லி வச்சுப் போட்டீங்களா?" என்று கொழுந்தன் வாயை விட்டான்.

துணை இயக்குநர் சிரித்தார். "பக்கத்து நாட்டுல வாங்கினது. அங்க இருக்கிற அக்கா வீட்டுக்கு அடிக்கடி போவேன். இருபது டாலர்தான், சல்லிசு."

"சல்லிசா!" பிழை பார்ப்பவர் பொங்கினார். "போன மாசம் கருத்தரங்குக்குப் போனப்ப அதே கடையில நாற்பது டாலர் அழுதேன்!"

"ஏமாந்திருக்கீங்க."

"விலைச் சீட்டு ஒட்டின கடைங்க. நானூறு காசு. பேரமே கிடையாது."

"எனக்கும் நானூறுதானே..."

அண்ணி தேநீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள்.

"இயக்குநர் சார், கெட்ட எண்ணத்தோட மாத்துறவன் எந்த விகிதத்துல மாத்தினேன்னு அடிக்குறிப்பு எழுதுவானா? திருடன் விலாசம் எழுதி வச்சுட்டுப் போகமாட்டான். இதைச் செஞ்சவர் சரியானதைச் செய்யறோம்னு நம்பின ஆள். நீங்க எல்லாரும் 'அட்டவணையைத் தொட்டது யாரு'ன்னுதான் கேட்டீங்க. அடிக்குறிப்பைத் தொட்டது யாருன்னு கேட்கலை."

பிழை பார்ப்பவர் பக்கம் திரும்பினாள். "டாலரை எங்க மாத்தினீங்க தம்பி?"

"விமான நிலையத்துல, அரசாங்க கவுன்டர்ல. ரசீது இருக்கு. டாலருக்குப் பத்துக் காசு." அவர் குரல் இறங்கியது. "அதனாலதான் இருபதைப் பார்த்ததும் தட்டச்சுப் பிழைன்னு... அந்த ஒரு எண்ணை மட்டும்தான் திருத்தினேன். மேல அட்டவணை மாறும்னு எனக்குத் தெரியாதுங்க."

"அந்த அரசாங்கம் டாலருக்குப் பத்துக் காசுதான்னு விலை கட்டி வச்சிருக்கு. கடைத்தெருவுல அது இருபதுக்குப் போகுது. துணை இயக்குநரோட அக்கா வீட்டுக்காரங்க அங்கதான் மாத்திக் கொடுப்பாங்க. அதான் ஒரே சட்டைக்கு ரெண்டு விலை. இந்தப் பொண்ணு வருஷா வருஷம் கடைத்தெரு விலையைத்தான் போட்டிருக்கா. எதிரி ஒரு துப்பாக்கிகூடக் கூடுதலா வாங்கலை."

கொழுந்தன் துணை இயக்குநரை ஓரக்கண்ணால் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

இயக்குநர் கடிதத்தை நான்காகக் கிழித்தார். "மன்னிச்சிடும்மா. திருத்த அறிக்கை இன்னிக்கே போகும், உன் பேர்லயே." பிறகு அவர் முகம் கடுத்தது. "ஆனா இவரை வச்சுக்க முடியாது."

பிழை பார்ப்பவர் எழுந்தார்.

"உட்காருங்கண்ணே" என்றாள் புள்ளி. "சார், பதினோரு வருஷமா நான் விட்ட சைபரையும் புள்ளியையும் அச்சுக்குப் போகுமுன்னே பிடிச்சுக் கொடுத்தவர் இவர்தான். ஒரு தடவைகூட உங்ககிட்ட வந்து சொன்னதில்லை. நான் இந்த நாற்காலியில இருக்கிறதே அவராலதான்."

இயக்குநர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"என்னை ஏன் பார்க்கறீங்க? திருத்த அறிக்கையிலயும் பிழை பார்க்க ஆள் வேணுமே."